பனிக்காலத்துக்குப் பழைய பெரிய எஸ்யுவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி, அக்டோபர் 14

வீட்டில் ஆறு பேர். இப்போது இருக்கும் செடானில் எங்கே போனாலும் இரண்டு நடை. போன குளிர்காலத்தில் அதுவும் ஏற்றத்தில் இரண்டு முறை நின்றுவிட்டது. எட்டுப் பத்து ஆண்டு ஓடிய முழு அளவு எஸ்யுவி ஒன்றை வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். டஹோ, சபர்பன், எக்ஸ்பெடிஷன், சிக்கோயா: இவற்றில் பனிக்கு எது நல்லது? நான்கு சக்கர இயக்கமும் இரண்டரை டன் எடையும் இருந்துவிட்டால் பனி ஒன்றும் செய்யாது என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். சரிதானே?

அக்டோபர் 14, இரவு

சரியில்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆபத்தானது.

நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்பும், ஏற்றத்தில் ஏற்றும். நிறுத்தாது. பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. உங்கள் செடானிலும் அப்படித்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போய்ப் பிரேக்கை மிதித்தால், காய்ந்த தார்ச்சாலையில் ஏறக்குறைய 14 மீட்டரில் நிற்கலாம். இறுகிய பனியில் அது 50 மீட்டர் ஆகும். பளபளக்கும் உறைபனியில் 100 மீட்டரை நெருங்கும். டயரின் பிடிப்பை (உராய்வுக் குணகம்) முறையே 0.7, 0.2, 0.1 என்று வைத்துப் போட்ட கணக்கு இது. எடை கூடக் கூட நிற்பதற்கு இன்னும் தூரம் வேண்டும்.

செடான் ஏற்றத்தில் சறுக்கும்போதே எச்சரித்துவிடும்: "இன்றைக்குப் போகாதே." பெரிய வண்டி எச்சரிக்காது. சிரமமில்லாமல் கிளம்பி, 70-ஐத் தொட்டு, முதல் சிவப்பு விளக்கில்தான் விஷயத்தைச் சொல்லும்.

என் வரிசை இது: முதலில் டயர், அடுத்து வண்டியின் அடிவயிறு, கடைசியில்தான் மாடல் பெயர். எல்லாரும் தலைகீழாக வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அக்டோபர் 15

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

சாதாரண டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பனி விழுந்திருக்க வேண்டியதில்லை, குளிர் போதும். குளிர்கால டயரின் ரப்பர் மைனஸிலும் மெத்தென்று இருக்கும்படி செய்யப்பட்டது. தரையைத் தொடும் அதன் ரப்பர்க் கட்டைகளில் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவை பனியைக் கவ்வும்.

டயரின் பக்கவாட்டில் "எம்+எஸ்" என்று இருந்தால் திருப்தி அடைந்துவிடாதீர்கள். அது பள்ளங்களின் அமைப்பைப் பற்றி டயர்க்காரர் தாமே சொல்லிக்கொள்வது. பனியில் சோதித்துப் பார்த்ததாகப் பொருளில்லை. மூன்று சிகரம் உள்ள மலை, நடுவில் ஒரு பனித்துகள்: அந்தப் படம்தான் பனிப் பரீட்சையில் தேறியதற்கு அடையாளம்.

டயரின் வயதை விற்பவரிடம் கேட்காதீர்கள், டயரிடமே கேளுங்கள். டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் 3819 என்றால் 2019-இன் 38-ஆவது வாரம் பிறந்தது. கட்டை நிறைய இருக்கிறதே என்று மயங்கி, ஒன்பது வயதுக் கிழ டயரோடு ஒரு வண்டியை வாங்கினேன். அந்த டிசம்பரில், என் வீட்டுக்கு இறங்கும் சரிவில் ஒரு சாயங்காலம். நடக்கும் வேகத்துக்கு மேல் இல்லை. பிரேக்கை மிதித்தேன். பாதத்தின் கீழே மிதி கிடுகிடுவென்று துடித்தது, பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஒரு சத்தம், ஆனால் வண்டி போய்க்கொண்டே இருந்தது. வீட்டு வாசல் பக்கவாட்டில் மெதுவாகக் கடந்து போனதைப் பார்த்தேன். ஜன்னலில் மகள் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். வேறு செய்ய ஒன்றுமில்லை. இரண்டு வீடு தள்ளிக் குவிந்திருந்த பனிமேட்டில் இடித்து நின்றது.

நான்கு சக்கர இயக்கம் அப்போது போட்டுத்தான் இருந்தது. சிறிய பச்சை விளக்குகூட எரிந்துகொண்டிருந்தது.

அக்டோபர் 15, சிறிது நேரம் கழித்து

ஆணி பதித்த டயர் வேண்டுமா என்று ஒருவர் கேட்கிறார். ஒரே பனிக்கட்டியாக இருக்கும் பாதையில் அது ராஜா. ஈரத் தாரில் சத்தமும் வழுக்கலும்தான். சில இடங்களில் தடை, சில இடங்களில் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் அனுமதி. உங்கள் பகுதி விதியைப் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள். நான் போட்டதில்லை.

அக்டோபர் 19

"நான்கு சக்கர இயக்கம் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதானே?" இல்லை. குழம்பிப்போய் டிரான்ஸ்ஃபர் கேஸை (இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்தனுப்பும் பற்சக்கரப் பெட்டி) நொறுக்கியவர்கள் உண்டு.

ஒரு வகையில் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சக்கரம் போகும் வட்டம் பெரிது, பின் சக்கரம் போகும் வட்டம் சிறிது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும் என்று கட்டிப்போட்டால், அந்த வித்தியாசம் எங்கேயாவது தீர வேண்டும். பனியில் டயர் கொஞ்சம் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்காது, பற்சக்கரங்கள்தான் முறுக்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது வண்டி தவளைபோல் குதித்தால் அதுதான் காரணம். பாதி பனி, பாதி தார் என்று மாறி மாறி வரும் சாலைக்கு இது தொல்லை.

இன்னொரு வகையில் நடுவிலும் ஒரு டிஃபரென்ஷியல் உண்டு: முன் அச்சையும் பின் அச்சையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பற்சக்கர அமைப்பு. லேண்ட் க்ரூஸர் 200 வரிசை எப்போதும் நான்கு சக்கரத்தில்தான் ஓடும், நடுவில் டார்சன் என்ற வகை டிஃபரென்ஷியல். 2008 முதல் 2022 வரை வந்த சிக்கோயாவில் இரண்டு சக்கரத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம், நான்குக்கும் மாற்றிக்கொள்ளலாம், நடு டிஃபரென்ஷியலைப் பூட்டவும் செய்யலாம். நான்கில் போட்டுத் தாரிலும் தைரியமாக ஓட்டலாம். டஹோ, சபர்பன், யூகான், எக்ஸ்பெடிஷன் ஆகியவற்றின் நான்கு சக்கர வகைகளில் பெரும்பாலும் "ஆட்டோ" என்று ஒரு நிலை இருக்கும். பின்சக்கரம் வழுக்கினால் முன்சக்கரத்துக்குத் தானே இழுவையை அனுப்பும். திட்டுத்திட்டாகப் பனி கிடக்கும் நகரச் சாலைக்கு அதுவே போதும்.

இந்த நான்கு பெயர்களிலும் வெறும் பின்சக்கர இயக்க வண்டிகளும் உண்டு. பனி இல்லாத ஊரிலிருந்து வந்த "துருவே இல்லாத அருமையான வண்டி" பல நேரம் அதுவாகத்தான் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்து, மாற்றும் திருகு அல்லது பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சில டஹோக்களில் 'லோ' (மெதுவாக, கூடுதல் இழுவையோடு போவதற்கான கியர்) கிடையாது, ஒரே வேக டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். பனிச்சாலைக்கு அது குறையில்லை. செங்குத்தான மண்பாதை, படகு இழுப்பது என்றால்தான் 'லோ' வேண்டும்.

அக்டோபர் 20

முந்தாநாள் வரை எல்லாரும் தலையாட்டினார்கள். இன்று கணக்குத் தெரிந்த ஒருவர் வந்து என் காதைத் திருகிவிட்டார். "எடை கூடக் கூட நிற்பதற்கு இன்னும் தூரம் வேண்டும்" என்று 14-ஆம் தேதி எழுதியது தப்பு. எடை இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றலும் இரண்டு மடங்கு, டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வும் இரண்டு மடங்கு. இரண்டும் அடிபட்டுப் போகும். நான் அங்கே போட்ட மீட்டர் கணக்கிலேயே எடை எங்கும் இல்லை என்று அவர் சுட்டிக்காட்டினார். என் கணக்கை வைத்தே என்னை அடித்தார்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுக்க விட்டுக்கொடுக்க மாட்டேன். பாரம் ஏற ஏற ரப்பரின் பிடிப்பு அதே விகிதத்தில் ஏறுவதில்லை, கொஞ்சம் பின்தங்கும். அதோடு நிற்காமல் போய் எதையாவது இடித்தால் அங்கே எடை முழுதாகக் கணக்கில் வரும். பனிமேட்டை இடித்தவன் சொல்கிறேன்.

அக்டோபர் 27

அடிவயிறு. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஒத்திப்போட்டேன், எழுதினால் வயிறு எரியும்.

முழு அளவு எஸ்யுவிகளில் பெரும்பாலானவை லாரியைப் போல: கீழே ஏணி வடிவச் சேசிஸ், அதன் மேல் உடல். அந்தச் சேசிஸ் பெட்டி போன்ற இரும்புக் குழல். வெளியிலிருந்து பார்க்க நன்றாக இருக்கும். சாலையில் தூவிய உப்பும் சேறும் ஓட்டைகள் வழியாக உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியே தெரியும்போது கதை முடிந்திருக்கும். உப்பில் சோடியம் குளோரைடு கடுங்குளிரில் வேலை செய்யாது என்பதால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கரைசல்களும் தெளிக்கிறார்கள். அவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்பவை, சாலை காய்ந்தாலும் சேசிஸ் காயாது. சூடான கராஜில் நிறுத்தினால் வண்டிக்கு நல்லது என்று நினைப்போம். உப்போடு நிறுத்தினால் துருவுக்குத்தான் நல்லது.

நான் வாங்கிய வண்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. விற்றவரையும் சொல்லப்போவதில்லை. தோல் இருக்கை, சூடாகும் ஸ்டியரிங், பின்னால் குழந்தைகளுக்குத் திரை. மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்து "இதமாக இருக்கிறது" என்றார், அங்கேயே பேரம் முடிந்துவிட்டது. நானும் கடமைக்குக் குனிந்து பார்த்தேன். சேசிஸ் முழுக்கக் கரியாக, பளிச்சென்று, புதிதாய் இருந்தது. "எவ்வளவு நன்றாகப் பராமரித்திருக்கிறார்" என்று வியந்தேன். பத்து ஆண்டு ஓடிய வண்டியின் அடி ஏன் புதிதாய் இருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

மறு வசந்தத்தில் மெக்கானிக் தூக்கிப் பார்த்தார். பின் ஆக்ஸிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் இடம். சிறிய சுத்தியலால் முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். அந்த வளைவில் 'டொப்'. இன்னொரு தட்டு. கரிய பூச்சு அப்பளம்போல் உடைந்து, உள்ளிருந்து செதில் செதிலாகத் துரு கொட்டியது, ஒரு கைப்பிடி. ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். விரல் முட்டிவரை போயிற்று. ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டார். மருத்துவர்கள்தான் அப்படித் துடைத்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தேன்.

அதனால்: புதிதாய்ப் பூசிய கரிய அடிப்பகுதி நல்ல அறிகுறி அல்ல. பரவலான மேல்துரு பயமில்லை. செதில், உப்பல், 'டொப்' சத்தம், ஒட்டுப்போட்ட தகடு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். இருக்கை எவ்வளவு இதமாக இருந்தாலும்.

நவம்பர் 2

"எந்தக் கம்பெனி துருப்பிடிக்காது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒன்று இருந்தால் நானும் சொல்வேன்.

நம்பகத்துக்குப் பெயர்போன டொயோட்டாவிலேயே டகோமா, டண்ட்ரா பிக்கப்புகள், 2005 முதல் 2008 வரையிலான சிக்கோயா ஆகியவற்றின் சேசிஸ் துரு அமெரிக்காவில் வழக்காகி, சமரசத்தில் முடிந்தது. அதன் மதிப்பு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று 2016-இல் பேசப்பட்டது. பெயரைப் பார்த்துக் குனியாமல் வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தச் சமரசத்தின்படி சேசிஸ் மாற்றப்பட்ட வண்டி கிடைத்தால் அதுவே நல்ல வாய்ப்பு, காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

2018 முதல் வரும் எக்ஸ்பெடிஷனின் உடல் அலுமினியக் கலவை. "அப்படியானால் துருவே இல்லை" என்று ஒருவர் துள்ளுகிறார். உடல்தான் அலுமினியம், கீழே சேசிஸ் இரும்புதான்.

பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்களையும் பாருங்கள். 2015-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதைப் பற்றித் தனியாக எச்சரித்தது: 2007 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களை உப்புப் பகுதிகளில் ஓட்டுபவர்கள் அடிப்பகுதியைக் கழுவி, குழாய்களைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று. பின்னிருக்கை ஹீட்டர் உள்ள வண்டியில் வெந்நீர்க் குழாயும் அடியில்தான் ஓடும். அது கசிந்தால் முதலில் பின்னால் இருப்பவர்கள் நடுங்குவார்கள், பிறகு எஞ்சின் கொதிக்கும்.

நவம்பர் 3

வண்டி பார்க்கப் போகும்போது பழைய பாய் ஒன்றும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். நேற்று நண்பருக்காக ஒரு வண்டியின் கீழே படுத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த வழியாகப் போன பெரியவர் நின்று, குனிந்து, "தம்பி, உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்டார். காலை ஆட்டிக் காட்டினேன். போய்விட்டார்.

நவம்பர் 9

எஞ்சின்.

குளிர்ந்த எஞ்சினைத்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். போனவுடன் பானட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துப் போங்கள், அல்லது மறுநாள் காலை. முதல் பத்து விநாடி காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டிக் டிக் என்று தொடங்கி அடங்கிவிட்டால் ஒரு கதை, அடங்காவிட்டால் வேறு கதை.

டஹோ, சபர்பன், யூகானில் வரும் ஜெனரல் மோட்டார்ஸின் 5.3 லிட்டர் வி8-இல் பாரம் குறைவாக இருக்கும்போது பாதி சிலிண்டர்களை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு உண்டு. அதில் வால்வுகளைத் தூக்கும் லிஃப்டர்கள் பழுதாவதும், சில ஆண்டு மாடல்கள் எண்ணெய் குடிப்பதும் ஊரறிந்தவை. ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு வி8-க்கு, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசரின் சத்தம், பழைய ஸ்பார்க் பிளக் கழற்றும்போதே உடைந்து உள்ளே தங்குவது என்று தனிப் புராணம். எக்ஸ்பெடிஷனில் 2015 முதல் அது போய் 3.5 லிட்டர் டர்போ வந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மாற்றிய ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கும் ஆள் விற்றால், அவர் சொல்லும் விலையில் அதிகம் பேரம் பேச மாட்டேன்.

பேட்டரிக்கு ஒரு வார்த்தை. அதன் மேல் சிசிஏ என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதுதான் அது. குளிரில் பேட்டரியின் பலம் பாதிக்கும் கீழே போகும், அதே நேரத்தில் கெட்டியான எண்ணெயைச் சுழற்ற எஞ்சின் கூடுதலாகக் கேட்கும். பெரிய வி8-க்குச் சோம்பேறிப் பேட்டரி ஆகாது. முன் கிரில்லிலிருந்து மூன்று முள் பிளக் ஒன்று தொங்கினால் அது பிளாக் ஹீட்டர், கிளப்பும் முன் எஞ்சினைச் சூடாக்குவது. கடுங்குளிரில் வாழ்ந்த வண்டி என்று அர்த்தம். அந்த வசதிக்கு மகிழுங்கள், உடனே குனிந்து துருவையும் பாருங்கள்.

நவம்பர் 16

கேள்வி கேட்டவர் இரண்டு வண்டி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். முதலாவதில் பானட் சூடு. "இப்போதுதான் இடம் மாற்றி நிறுத்தினோம்" என்றார்களாம். இவர் பேசாமல் திரும்பிவிட்டார். பிழைத்துக்கொள்வார்.

இரண்டாவது 2016 டஹோ. நான்கு சக்கரம், ஆட்டோ உண்டு, சேசிஸ் சுமார். ஆனால் மூன்றாவது வரிசையில் பதினான்கு வயது மகனை உட்காரவைத்தால் முழங்கால் முகவாயைத் தொடுகிறதாம். அது பையனின் குற்றமல்ல. அந்தத் தலைமுறையில் பின்னால் ஒரே தண்டாக ஆக்ஸில், அதற்கு இடம்விட்டுத் தரையை உயர்த்தியிருப்பார்கள். 2021 மாடலில் பின் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் அமைப்பு வந்த பிறகுதான் தரை இறங்கியது. எக்ஸ்பெடிஷனில் 2003-லேயே அது வந்துவிட்டது, அதனால் பழைய எக்ஸ்பெடிஷனின் கடைசி வரிசையில் பெரியவர்களும் உட்காரலாம்.

ஆறு பேரோடு பெட்டிகளும் வேண்டுமென்றால் சபர்பனைப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் டஹோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம். 1935-இலிருந்து அந்தப் பெயரில் வண்டி வந்துகொண்டிருக்கிறது, இன்னும் நீளம் குறையவில்லை. நிறுத்த இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

டிசம்பர் 1

22 அங்குலச் சக்கரம் போட்ட வண்டி அழகாகத்தான் இருக்கும். பனிக்கு அது வேண்டாம். சக்கரம் பெரிதாக ஆக, டயரின் பக்கச்சுவர் ஒடுங்கும். பனிக்குள் மறைந்த குழியில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்கு. அந்த அளவில் குளிர்கால டயர் தேடினால் தேர்வும் குறைவு. பிரேக் இடிக்காத வரை சிறிய ரிம், கொஞ்சம் ஒடுங்கிய டயர் என்று தனியாக ஒரு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பனியிலும் சகதியிலும் அகன்ற டயர் மேலே மிதக்கப் பார்க்கும், ஒடுங்கியது அறுத்துக்கொண்டு தரையைத் தேடும்.

"உறைபனியிலும் ஒடுங்கியதுதான் நல்லதா?" அங்கே அகலத்தைவிட ரப்பர்தான் பேசும்.

டிசம்பர் 21

முதல் பெரிய பனி. ஒரே இரவில் முழங்கால் ஆழம்.

பெரிய வண்டியின் ஒரு தொல்லையை யாரும் எழுதியதில்லை: கூரைக்குக் கை எட்டாது. அவசரத்தில் கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்பினேன். ஹீட்டர் சூட்டில் கூரைப் பனியின் அடிப்பக்கம் இளகியிருக்கிறது. முதல் சந்திப்பில் பிரேக்கைத் தொட்டதும் ஒரு மெத்தை அகலப் பனி அப்படியே முன்னால் வழுக்கி வந்து கண்ணாடியை மூடியது. பகலில் அறைக்குள் விளக்கை அணைத்ததுபோல் இருந்தது. வைப்பரைப் போட்டேன், முனகியது, அசையவில்லை. நின்றுவிட்டேன் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். அவருக்கு என் கூரை நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது பின்னால் ஒரு முக்காலியும் நீண்ட கைப்பிடித் துடைப்பமும் கிடக்கின்றன. சைலன்சர் வாயையும் ஒரு பார்வை பாருங்கள். பனி அடைத்திருக்க எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். வாசனையே இருக்காது. எல்இடி முகப்பு விளக்கு உள்ளவர்கள் அதையும் துடையுங்கள். அது பழைய பல்பைப்போல் சூடாகாது, பனி அப்படியே ஒட்டியிருக்கும்.

ஜனவரி 11

காலையில் மைனஸ் 24. வண்டி கிளம்பியது, டயர் விளக்கு எரிந்தது. 20 டிகிரி கராஜில் 35 பிஎஸ்ஐ அடைத்த டயர்கள் மூன்று 27-இல் நின்றன. 10 டிகிரி இறங்கினால் சுமார் 2 பிஎஸ்ஐ போகும், அது கணக்குத்தான். நான்காவது 25. அலாய் ரிம்மில் டயர் உட்காரும் விளிம்பை உப்பு அரித்திருக்கிறது, அதன் வழியே மெல்லக் கசிகிறது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாசலிலேயே சிக்கிக்கொண்ட ஒருவர் "ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் செத்துப்போகிறது" என்கிறார். சாகவில்லை. சக்கரம் வழுக்குவதைக் கண்டு டிராக்ஷன் கன்ட்ரோல் சக்தியைக் குறைக்கிறது. சாலையில் அது உயிர் காக்கும். ஆழப் பனியிலிருந்து வெளியே வர மட்டும் அதை அணைத்துவிட்டு, முன்னே பின்னே மெதுவாக ஊஞ்சல்போல் ஆட்டி வாருங்கள். வெளியே வந்ததும் மறக்காமல் போடுங்கள்.

ஜனவரி 12

நேற்றிரவு தூக்கம் வராமல் யோசித்தேன். எனக்கு இந்த வண்டி தேவைதானா? முன்பு ஓட்டிய சிறிய முன்சக்கரக் காரில் நல்ல குளிர்கால டயர் போட்டிருந்தால் பத்தில் ஒன்பது நாள் அதுவே ஓடியிருக்கும். மீதி ஒரு நாள் வீட்டில் இருந்திருக்கலாம். பெரிய வண்டி தந்த தைரியத்தில், வீட்டில் இருக்க வேண்டிய நாளில் வெளியே போயிருக்கிறேன். டிசம்பர் 21 அப்படி ஒரு நாள்.

ஆறு பேர் என்றால் பேச்சு வேறு. நான்கு பேருக்குள் இருப்பவர்கள் இதைப் படித்தால், வண்டியை மாற்றுவதற்கு முன் டயரை மாற்றிப் பாருங்கள்.

ஜனவரி 12, மதியம்

"மூன்று மாதமாக வண்டி வாங்கச் சொல்லிவிட்டு இப்போது வேண்டாம் என்கிறீர்களே" என்று திட்டு. மேலே போய்ப் பாருங்கள். வாங்கு என்று எங்கும் சொல்லவில்லை, குனி என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 8

அவர் வாங்கிவிட்டார். எந்தப் பெயர் என்பதை அவரே சொல்லட்டும். பாய், டார்ச், சுத்தியல் எல்லாம் எடுத்துப் போயிருக்கிறார். சேசிஸ் முழுக்க 'டிங்'. காலையில் குளிர்ந்த எஞ்சின். மணல் பரப்பில் நான்கு சக்கரத்தை மாற்றிப் பார்த்து, விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரியும்வரை காத்திருந்து, நியூட்ரலில் 'லோ' வரை போட்டுப் பார்த்திருக்கிறார். நல்ல மாணவர். ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாவிட்டால் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் மோட்டார் இறுகிப்போகும், மாதம் ஒரு முறை போட்டு எடுங்கள்.

ஒன்றைச் சொல்ல நான் மறந்துவிட்டேன், அதில்தான் மாட்டிக்கொண்டார். ஸ்டெப்னி. இந்த வண்டிகளில் அது பின்னால் அடியில், கம்பிக்கயிற்றில் தொங்கும். இறக்கும் வின்ச் துருவேறி இறுகியிருந்தது. துருநீக்கும் எண்ணெய் அடித்து இரண்டு நாள் ஊறவைத்த பிறகு இறங்கியதாம். நடுச்சாலையில், பனியில் தெரியவந்திருந்தால்? படித்ததும் ஓடிப்போய் என்னுடையதை இறக்கிப் பார்த்தேன். இறங்கியது. டிஓடி எண் சொன்ன வயது பதினொன்று. ஒரு முறைகூடத் தரையைத் தொடாத கிழவன்.

ஏப்ரல் 5

குளிர்கால டயர்களைக் கழற்றினேன். சேசிஸின் ஓட்டைகள் வழியாக வளைந்த குழாயை விட்டு, வருவது தெளிந்த நீர் ஆகும்வரை கழுவினேன். முக்கால் மணி நேரம் பழுப்பாகவே வந்தது.

போன ஆண்டு எந்த டயர் எங்கிருந்து வந்தது என்று குறிக்காமல் அடுக்கிவிட்டு, திரும்பப் போடும்போது குழம்பினேன். இந்த முறை ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதினேன்: மு.இ., மு.வ., பி.இ., பி.வ. கை கழுவப் போய் வருவதற்குள் மகள் சாக்பீஸை எடுத்திருக்கிறாள். ஓரமாகக் கிடந்த பழைய ஸ்டெப்னியின் மேல் பெரிய எழுத்தில் "சு."

என்ன என்று கேட்டேன். "சும்மா" என்றாள்.